குதிரை முதலில், தூக்கம் மூன்றாவது

வசந்தத்தின் முதல் வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஜூராகான் அக்கா பிஷ்கெக்கிலிருந்து நாரின் மலைக்குக் கிளம்பினார். மூச்சுத்திணறலுக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கவிருந்த குழுவில் புள்ளியியல் அவருடைய பொறுப்பு. ஊர்சுற்றித் திரும்பிவந்து, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இருந்த நான் வண்டி ஓட்டினேன்.

எல்லாம் குழுத் தலைவர் டாக்டர் மெலிஸால் வந்தது. ஆஸ்பத்திரியில் சேருவது, நடக்கும் தூரம், தூக்கம் எல்லாமே மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும் முக்கிய அளவுகோல் என்று அடம்பிடித்தார்.

"அத்தனையும் சோதிச்சா ஏதாவது ஒண்ணு குருட்டாம்போக்குல ஜெயிச்சிரும், மெலிஸ். முன்னாடியே வரிசை போடுங்க. முதலாவது ஜெயிச்சாத்தான் ரெண்டாவதைத் தொடலாம், ரெண்டாவது ஜெயிச்சாத்தான் மூணாவது."

"முதலாவதே தோத்தா?"

"அதோட சரி. மூணு வருஷ உழைப்பும் போச்சு."

"அநியாயம்க்கா."

"விருந்துல முதல் மரியாதையான இடுப்பெலும்பு பெரியவர் தட்டுக்குப் போகாம நீங்க கறியில கை வைப்பீங்களா?"

மெலிஸ் வரிசைக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் எது என்பதில் டாக்டர்களுக்குள் அடிதடி; மெலிஸ் தூக்கத்தின் பக்கம். "நோயாளிங்களையே கேட்டுட்டு வரேன்" என்று அக்கா பையைத் தூக்கிவிட்டார்.

மலையில் மூச்சுத்திணறல் உள்ள தோக்தோசுன் என்ற மேய்ப்பர் தேநீர் ஊற்றினார். "தூக்கமா? செத்தப்புறம் தூங்கிக்கலாம் மகளே. ஆள் பிடிக்காம குதிரை ஏறணும். போனவாட்டி மருமகன் பின்னாலேர்ந்து தள்ளினான். குதிரையே வெட்கப்பட்டுச்சு."

"வெட்கமா? அது சிரிச்சுது" என்றாள் அவர் மனைவி.

போன வீட்டிலெல்லாம் இதே பேச்சு. எப்படி அளப்பது என்று பார்க்க அக்காவே ஒரு குதிரையில் தாவி, மறுபக்கம் வழுக்கிப் புல்லில் விழுந்தார். எழுந்திருக்க மனமில்லாமல் படுத்தபடியே சிரித்தார். திரும்பும் வழியெல்லாம் பாட்டுதான்.

"குதிரையா? உலகமே கைகொட்டிச் சிரிக்கும்க்கா" என்றார் மெலிஸ்.

"சிரிக்கட்டும். தோத்தா என்னைத் திட்டுங்க."

குதிரை முதலில், ஆஸ்பத்திரி அடுத்து, மெலிஸின் செல்லமான தூக்கம் மூன்றாவது, நடை கடைசி. கையெழுத்தான பிறகு வரிசையை யாரும் மாற்ற முடியாது. தோற்றால் அந்த மருந்து மலைப்பக்கமே வராது என்று அக்காவுக்குத் தெரியும். அந்த வருடங்களில் யார் குதிரை ஏறினாலும் நின்று பார்ப்பார்.

மூன்று வருடம் கழித்து, ஓஷ் சந்தையில் நாங்கள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் போனில் மெலிஸின் செய்தி வந்தது:

"குதிரை ஜெயிச்சுது. ஆஸ்பத்திரியும். தூக்கம் தோத்துப்போச்சு. நடை பிரமாதமா இருக்கு, ஆனா அதை வெற்றின்னு எழுத வந்த ரெண்டு பேரை இப்பத்தான் விரட்டிவிட்டேன்."