பையர் கேட்ட பாக்கெட்

ஒன்பது வயதில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பையராக இருந்தேன். திருப்பூரில் பிறந்தவர்களுக்கு இதன் மகிமை தெரியும். வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் வருகிறார் என்றால் கம்பெனிச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கக்கூஸில் புது சோப்பு வைப்பார்கள், முதலாளியே எழுந்து நிற்பார். அந்தப் பதவி நாலாம் வகுப்புக்காரிக்குக் கிடைத்தால் தலைகால் புரியுமா?

வெள்ளகோவில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். புதன்கிழமை கோயமுத்தூரில் அவருக்கு ஆபரேஷன். என்ன ஆபரேஷன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்க முடியாது என்றார்கள், அவ்வளவுதான். மாமா போன பிறகு காட்டையும் மாட்டையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர் அத்தை. கத்திக்குப் பயப்படவில்லை. "எனக்கு இன்னொருத்தர் துணி மாட்டி உடறதா? அது மட்டும் ஆகாது தம்பி" என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். புது உருப்படியைப் பேப்பரில் வரைந்து, வெட்டி, முதல் சாம்பிளைத் தைத்துக் காட்டுவது அவர் வேலை. அக்கா தானே போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைக்க முடியாவிட்டால் அப்புறம் என்ன மாஸ்டர் என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

சனிக்கிழமையே ஒன்றைத் தைத்து, அளவு பார்க்க முன்னறையில் நிறுத்தியிருந்த ஆளுயரத் துணிப் பொம்மைக்கு மாட்டிவிட்டார். கழுத்தை நன்றாக இறக்கி வெட்டிய, மெத்தென்ற பருத்தி பனியன். கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மாகூடப் பாராட்டினார். மறுநாள் காலை நான்தான் கேட்டேன்.

"ஏனுங்கப்பா, பொம்மைக்குக் கையே இல்லீங்களே?"

அப்பா பொம்மையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமும் கையில்லாத பொம்மைக்கு மாட்டியே சரி பார்த்துப் பழகியவர். வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நீளத் துணியைக் கிழித்து என் இரண்டு முழங்கைகளையும் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்.

"இன்னிக்கு நீதான் பையர் கண்ணு. போட முடிஞ்சா அப்ரூவல், முடியலீன்னா ரிஜெக்ட்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. முதல் சாம்பிளில் குனிந்து தலையை நுழைத்தேன், கை நுழையவில்லை. முகத்தை மூடிய பனியனுக்குள்ளிருந்தே "ரிஜெக்ட்!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

இரண்டாவது, முன்பக்கம் முழுக்கத் திறந்து, அமுக்கினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன் வைத்தது. டக், டக், டக் என்று நெஞ்சில் அமுக்கி மூடினேன். அந்தச் சத்தமே போதும் எனக்கு. "அப்ரூவல்!" என்று துள்ளி, கை கட்டியிருப்பது மறந்து, கட்டிலில் போய் விழுந்தேன்.

அத்தை அந்தச் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையை நெஞ்சின் இடது பக்கம் வைத்தபடி, "இங்க அமுத்த முடியாது கண்ணு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையர் ஒப்புக்கொண்டதை அத்தை எப்படித் தள்ளலாம்? நியாயம் கேட்டு அப்பாவிடம் திரும்பினால், அவர் ஏற்கெனவே அத்தை மடியிலிருந்த சட்டையை எடுத்துப் பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முறைத்துக்கொண்டு, கட்டிய கையோடு, பக்கத்து வீட்டுக்குப் போனேன். தென்காசியிலிருந்து வந்து கம்பெனியில் தைக்கிற அக்கா, "ஏட்டி, யாரு உன்னயக் கட்டிப்போட்டது?" என்று சிரித்தபடியே தன் கைக்குழந்தைக்கு ஜப்லா போட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் கையை அவர் தூக்கவே இல்லை. விரித்த துணியில் படுக்கவைத்து, கையை மெல்ல நுழைத்து, பக்கவாட்டில் நாடாவை முடிந்தார். பார்த்ததும் எடுத்தேன் ஓட்டம்.

"அப்பா! ஜப்லாங்கப்பா! அத்தைக்குப் பெரிய ஜப்லா!"

மத்தியானத்துக்குள் மூன்றாவது சாம்பிள் தயார். இடுப்போரம் இரண்டு நாடா, வேறொன்றுமில்லை. போட்டேன், முடிந்தேன், அப்ரூவல் கொடுக்கப்போனேன். ஆனால் பையர் என்றால் ஏதாவது குறை சொல்லவேண்டாமா? பெண்பிள்ளைத் துணியில் பாக்கெட்டே வைக்காத இந்த ஊர்மேல் எனக்கு வெகுநாள் கோபம்.

"பாக்கெட் எங்கீங்க? மிட்டாய் எங்க வெக்கறது?"

அம்மா அதட்டினார். அத்தையும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வை தம்பி. உள்பக்கமா வை" என்றார் அத்தை.

உள்பக்கம்! யாரும் திருட முடியாது. அத்தையின் மூளையை நினைத்து வியந்துபோனேன்.

அடுத்த வாரம் அத்தை வீடு திரும்பினார். கதவைச் சாத்திக்கொண்டு, தானே மாற்றிக்கொண்டு, பெரிய ஜப்லாவோடு வெளியே வந்தார். நான் கைதட்டிக் குதித்தேன். இரண்டு தேன்மிட்டாயை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் உள்பாக்கெட்டில் கை விட்டேன். அங்கே ஏற்கெனவே ஏதோ இருந்தது. பிளாஸ்டிக் டப்பா மாதிரி, வெதுவெதுப்பாக, மேலே ஒரு குழாயோடு. அத்தை என் கையை மெதுவாகப் பிடித்து வெளியே எடுத்தார்.

"இதுல எடமில்ல கண்ணு. மிட்டாய்க்கு இன்னொன்னு வெக்கச் சொல்லோணும்."

ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து வடிகிற நீரைப் பிடிக்கிற டப்பா அது, எடுத்தது மார்பு, அந்த டப்பாவை எங்கே மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நடமாடுவது என்பதுதான் அத்தைக்கு இருந்த பெரிய கவலை என்பதெல்லாம் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பையரின் யோசனை பலித்துவிட்டது, பாக்கெட் போதவில்லை! அதைச் சொல்ல அப்பாவிடம் குதித்துக்கொண்டு ஓடினேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பாமல், சரிங்க பையர் என்று சொல்லி, மெஷினில் நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசிக் காதில் நூலை நுழைக்க அவருக்கு ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று எனக்குப் பொறுமையே இல்லை.