மல்லி போட்டு வறுத்த மலைக் கோப்பி

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு மலையின் முதல் விளைச்சலை எங்கள் ஊர் முறையில் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு வறுத்துவிட்டார்.

அந்தக் கொட்டை எங்களுடையதல்ல. என்னோடு பேக்கரியில் வேலை செய்யும் குவாத்தமாலாக்காரியின் குடும்பத் தோட்டத்தில் விளைந்தது. தோட்டத்தின் ஆக உயரமான துண்டில், இவள் பிடிவாதமாக நின்றதால்தான் தமையன் கோப்பி நட்டார். குளிரில் பழம் ஆறுதலாகப் பழுக்கும், கொட்டை இறுகும், ருசி ஏறும் என்பது இவளுடைய நம்பிக்கை. நாலு வருடம் பார்த்திருந்து முதல் காய்ப்பு வந்தது. நல்ல கோப்பி வாங்குகிறவர் ஒருவராவது விரும்பாவிட்டால் மரங்களைத் தறித்து உருளைக்கிழங்கு போடுவேன் என்று தமையன் சொல்லிவிட்டார். டவுன்ரவுனில் கோப்பி வறுத்து விற்கும் ஒருவர், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், குடித்துப் பார்க்கிறேன் என்றார்.

வந்தது ஒரே ஒரு கிலோ பச்சைக் கொட்டை. அவள் இருக்கும் பேஸ்மென்ற் வீடு ஈரம் என்பதால், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு அடுக்களையில் வைத்தோம்.

அதில் சிலது நான் பிடுங்கியது. இரண்டு கிழமை லீவு போட்டு அவளோடு அந்த மலைக்குப் போயிருந்தேன். அரை நாள் பிடுங்கிய என் கூடையைத் தமையன் நிலத்தில் கொட்டி, மஞ்சளும் பச்சையுமாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பாதிக் கூடை போய்விட்டது. மறுநாள் சிவந்த பழத்தைத் தவிர வேறொன்றிலும் என் கை படவில்லை.

அப்படிப் பிடுங்கிய கொட்டை. அந்த ஞாயிறு நான் வெளியே போய் வர, எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறக்கும்போதே மல்லி மணந்தது.

"இஞ்சரும், கோப்பிக்கொட்டை பச்சையாக் கிடந்து பழுதாகப் போகுதெண்டு வறுத்துப்போட்டன். நல்ல கறுப்பா வந்திருக்கு."

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான். ஏனப்பா உப்பிடிப் பாக்கிறீர்? மல்லி காணாதோ?"

பேக்கரித் தோழியைக் கூப்பிட்டேன். வந்தாள், அந்தக் கோப்பியில் ஒரு கோப்பை குடித்தாள். எங்களுக்குள் உடைந்த இங்கிலிஷ்தான். 'அக்கா' மட்டும் தமிழ்.

"அக்கா, தடிமன் இருமலுக்கு நல்ல மருந்து. ஆனா எங்கட மலை இதுக்குள்ள இல்லை."

சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. என் கணவர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

அப்போதுதான் யன்னலில் இருந்த ஜாம் போத்தல் ஞாபகம் வந்தது. கொட்டையின் நீலப்பச்சை நிறம் வடிவாக இருக்கிறதென்று, பார்ப்பதற்காக இரண்டு கைப்பிடி போட்டு வைத்திருந்தேன். நிறுத்தால் நூற்றிமுப்பது கிராம். வாங்குகிறவருக்கு உடனே போன் அடித்தேன். நூறு கிராம் போதும் என்றார்.

மூன்று பேரும் மேசையில் இருந்தோம். உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தோம். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் விடக் கறாராகப் பொறுக்கினார். எங்கே நூறுக்குக் கீழே போய்விடுமோ என்று எனக்குப் பயம். நூற்றிநாலில் நின்றது.

திங்கட்கிழமை அந்த மனிதர் அதை மண்ணிறமாக மட்டும் வறுத்து இறக்கினார்.

"உது இன்னும் வறுபடேல்லை," என்றார் என் கணவர் என் காதுக்குள்.

"நீங்கள் வாயை மூடுங்கோ."

வறுத்தவர் அதைக் கோப்பையில் ஊற்றி, கரண்டியால் சத்தமாக உறிஞ்சிக் குடித்தார். பக்கத்தில் வேறு கோப்பிகள் இருந்த மற்றக் கோப்பைகளுக்குப் போனார். ஆறியபின் திரும்பி எங்களுடையதற்கு வந்தார். பிறகு மூன்றாம் தரமும் வந்தார். தோடம்பழத் தோல் மாதிரி ஒரு ஆரஞ்சு வாசம் இருக்கிறது என்றார். ஆனால் இவ்வளவை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னொரு கிலோ கொண்டு வாருங்கள் என்றார்.

காருக்குள் ஏறியதும் அவள் தமையனோடு போனில் ஸ்பானிஷில் சண்டை பிடித்தாள். 401 நெடுஞ்சாலையில் ஏறும்வரை முடியவில்லை.

"என்ன சொன்னனி?"

"ஒருத்தர் மூண்டு தரம் திரும்பி வந்து குடிச்சவர், இனிக் கோடாலியைத் தொட்டாய் எண்டால் நான் அடுத்த பிளேனிலை வருவன் எண்டு சொன்னன்."

"அவர்?"

"அனுப்புறாராம்."

போன கிழமை இரண்டாவது கிலோ வந்தது. அடுக்களைத் தட்டில் இருக்கிறது. பெட்டியின் நாலு பக்கமும் கறுத்த மார்க்கரால், 'மல்லி போடக்கூடாது, தொடவும் கூடாது' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் என் கணவர். வருகிற திங்கள் மூன்று பேருமாகக் கொண்டுபோகிறோம்.