மெட்டியைக் கழற்றிய நாள்

சோழபுரத்தில் எங்கள் மாந்தோப்பின் இரும்பு வால்வு, மழை அடித்து வந்த மண்ணில் புதைந்துபோனது. கன்றுகள் வாடவே, ராஜபாளையத்தில் மண்ணுக்குள் உலோகம் தேடும் பல்ஸ் டிடெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தேன். அதன் வட்டச் சுருள் மண்ணுக்குள் மின்துடிப்பை அனுப்பி நிறுத்தும். கீழே உலோகம் இருந்தால் பதில் துடிப்பு சற்றுத் தாமதமாக அடங்கும். அந்தத் தாமதத்தைத்தான் கருவி ஒலியாக்கும்.

சுருளைக் காற்றில் தூக்கிப் பிடித்து, இரைச்சல் அடங்கும்வரை கைப்பிடியில் இருந்த குமிழைத் திருப்பினேன். தரைக்கு இறக்கினால், என் காலருகே வரும்போதெல்லாம் கத்தியது. அப்புறம்தான் புரிந்தது, மெட்டி. குனிந்து கழற்றினேன்.

வரப்பில் நின்ற மாமியார் பதறினார். "ஏட்டி, மெட்டியக் கழட்டாத. எம்மவனுக்கு ஆகாது."

"தோப்பு காஞ்சா மட்டும் ஆகுமா அத்த?"

கருவி அமைதியானது. வேலியோரம் போனதும் மறுபடி கத்தியது. மண்வெட்டியால் தோண்டினேன், வால்வு. திருகியதும் தண்ணீர் பாய்ந்தது.

"இப்பமாவது போட்டுக்கிடு" என்றார்.

போடவில்லை. அது என் காலில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கருவி கத்தித்தான் தெரிந்தது.

மெட்டி இன்னும் டப்பாவில்தான் கிடக்கிறது. கணவருக்குத் திருப்பூரில் வேலை. போன மாதம் வந்தார். ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்.