கெர்ன் கவுண்டி பிளண்டர்

ஒலீட்டா பர்விஸ் யாரிடமும் எதையும் இரண்டாவது தடவை கேட்க மாட்டாள். அதைத் திமிர் என்று பேக்கர்ஸ்ஃபீல்டில் சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதிதான். யுத்த காலத்தில் விமானத் தொழிற்சாலையில் மூன்று வருஷம் ரிவெட் ஆணி அடித்த இரைச்சலில் போன காது. இது அவள் புருஷன் ஹாய்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். உதடு தெரியாவிட்டால் தலையை ஆட்டிவிடுவாள்.

பத்து வயதில், பஞ்சம் பிடித்த ஓக்லஹோமாவிலிருந்து, லாரியில் மெத்தைகளின் மேல் உட்கார்ந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவள் அவள். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள், ஆசிரியை சொன்னது புரியாமல் மறுபடி கேட்டாள். "இந்த ஓக்கிப் பிள்ளைகளுக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லணும்" என்று ஆசிரியை மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல, வகுப்பே சிரித்தது. ஓக்லஹோமாவிலிருந்து வந்த ஏழைகளுக்கு ஊர் வைத்த இளக்காரப் பெயர் ஓக்கி. அப்போது அவளுக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்டன. ஆனால் அன்றோடு கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

யுத்தம் முடிந்ததும் மளிகைக் கடைகளுக்கு விலைப் பலகை எழுதினாள். பீச் பழம், முட்டை, பன்றித் தொடை. அவள் எழுத்து உருண்டு திரண்டு, வாயில் போட்டுக்கொள்ளலாம்போல இருக்கும். ஒரு நாள் அவள் தம்பி, தன் பந்தயக் காரின் கதவில் ஒரு பெயர் எழுதித் தரச் சொன்னான். கார் எஞ்சினுக்காக அவன் மனைவி லோரெட்டாவுக்குத் தெரியாமல் வீட்டு சோபாவை விற்றிருந்தான். கார் பெயர் 'லோரெட்டாவின் சோபா'. மனைவி ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. ஆனால் ஊர் பேசியது. அதிலிருந்து வார இறுதிகளில் ஒலீட்டாவைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 'கோழித் திருடன்', 'மன்னிச்சிடு மம்மி', 'பாதிரியார் தூங்கிட்டார்', இப்படி எத்தனையோ பெயர்களை எழுதினாள். தன் காரைத் தானே கேலி செய்துகொள்ளும் பெயர் என்றால் பையன்களுக்குக் கொள்ளைப் பிரியம்.

1960 மார்ச்சில் பென்னி எலிசால்டே கூப்பிட்டான். இருபத்தைந்து வயது. ஸ்பெயின் எல்லையிலுள்ள பாஸ்க் நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்த ஒருவரின் மகன். எண்ணெய் வயலில் பம்பு பழுது பார்ப்பவன். 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு கூடு ஒன்றை வாங்கி, அதில் பெரிய எஞ்சினை இறக்கி, கருஞ்சிவப்பு வண்ணமடித்து, மூன்று வருஷம் பாடுபட்டுத் தயார் செய்திருந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஃபமோசோ பந்தய மைதானத்தில் அதற்கு முதல் ஓட்டம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒலீட்டா தூரிகைகளோடு அவன் கொட்டகைக்குப் போனபோது, அவன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"பென்னி, பேர் என்ன எழுதணும்?"

அடியிலிருந்து குரல் வந்தது. "கெர்ன் கவுண்டி" வரை தெளிவாகக் கேட்டது. கடைசி வார்த்தை இரும்புச் சத்தத்தில் மழுங்கி அவள் காதில் 'பிளண்டர்' என்று விழுந்தது. கெர்ன் மாவட்டத்தின் மாபெரும் முட்டாள்தனம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையன் குறும்புக்காரன்தான் என்று நினைத்தாள். சரிதானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலையின் நடுவில் பென்னி கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பல்சக்கரம் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் இரண்டு கதவிலும் வெண்ணெய் நிறத்தில் எழுதி, தங்க நிறத்தில் ஓரம் கட்டினாள். பருத்திக் காட்டுப் புழுதி ஒட்டாமல், கதவில் படாதவாறு துணியைத் தூக்கிக் கட்டினாள். 'காலை வரை திறக்காதே' என்று ஒரு சீட்டைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பென்னி சொன்ன பேச்சைக் கேட்கிறவன். திறக்கவில்லை.

ஞாயிறு காலை, பனிமூட்டம் விலகியதும், மைதானத்தில் ஐந்நூறு பேருக்கு முன்னால் துணியை உருவினான். ஒலிபெருக்கிக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்து வாசித்தார்.

"அடுத்து வர்றது... கெர்ன் கவுண்டி... பிளண்டரா? ஆமாங்க, பிளண்டர்தான்!"

மைதானமே சிரித்தது. ஒலீட்டா பத்தடி தள்ளி, கையில் ஹாம்பர்கரோடு நின்றிருந்தாள். ஒலிபெருக்கி சொன்னது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் பென்னியின் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றவன் உதட்டில் ஒரே ஒரு வார்த்தை அசைந்தது: 'தண்டர்.'

இடி! கெர்ன் கவுண்டியின் இடி. அதைத்தான் அவன் சொல்லியிருக்கிறான். ஹாம்பர்கர் கையிலிருந்து நழுவியது. பிற்பாடு அவளே சொல்வாள்: "அந்த நிமிஷம் நான் மறுபடியும் பத்து வயசுப் பொண்ணா ஆயிட்டேன்."

அவனோடு ஓட வேண்டிய எதிராளி கிளீட் ஹார்கிஸ், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"டேய் பென்னி! யாருடா இது உன் காருக்கு ஜாதகம் எழுதுனது? அந்தம்மாவா? ஸ்பெல்லிங் தெரியாதா அதுக்கு?"

பென்னி திரும்பி ஒலீட்டாவைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு கிளீட்டைப் பார்த்து, உரக்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நான்தான்டா எழுதச் சொன்னேன். ஏன், நல்லா இல்ல?"

"நீயா? உன் காரையே நீ முட்டாள்தனம்னு சொல்லிக்குவியா?"

"மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட விடாம இதுக்கடியில கிடந்திருக்கேன். அதுக்கு வேற என்ன பேருடா வைக்கிறது? வா, ஓட்டிப் பாப்போம்."

கால் மைல் தூரம். கொடிக்காரர் கொடியை அசைப்பதற்கு அரை நொடி முன்னாலேயே கிளீட் பாய்ந்துவிட்டான். கொடிக்கு முன்னே கிளம்பினால் விதிப்படி தோல்விதான்; ஆட்டம் அங்கேயே தீர்ந்தது. பென்னி நிதானமாகக் கோட்டைத் தாண்டினான். ஒலிபெருக்கிக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. "மகா ஜனங்களே, பிளண்டர் யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு!" என்றார். அதற்கப்புறம் அந்தக் கூட்டம் பென்னியின் சொந்தமாகிவிட்டது. இரண்டாவது சுற்றில் பென்னி தோற்றான், அதுவும் நல்ல தோல்வி. அப்போதும் ஜனங்கள் எழுந்து நின்று "பிளண்டர்! பிளண்டர்!" என்று கத்தினார்கள். அன்று யார் ஜெயித்தார்கள் என்று பிறகு யாருக்கும் ஞாபகமில்லை.

ஒலீட்டா டர்பன்டைன் டப்பாவும் துணியும் எடுத்துக்கொண்டு அவன் டிரெய்லருக்குப் பின்னால் போனாள்.

"பென்னி, அஞ்சு நிமிஷம் குடு. துடைச்சுட்டு நீ சொன்ன பேரையே எழுதிடறேன்."

"கதவுமேல கைய வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும், மிஸஸ் பர்விஸ்."

"எனக்காக ஏன் பொய் சொன்னே?"

அவன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தான். முகம் அவளுக்கு நேராகத் தெரியும்படி உட்கார்ந்தான்.

"எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. கடைக்காரன் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாங்க. ஒரு தடவை ஒரு பவுண்டு உப்பு கேக்கப் போயி, அஞ்சு பவுண்டு சோடா மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. தப்புன்னு திருப்பிக் கேக்கக் கூச்சம். கடைக்குள்ள எல்லாரும் சிரிச்சப்போ எங்கம்மா முகம் எப்படி இருந்துச்சோ, அதே முகத்தை இன்னிக்கு உங்ககிட்ட பாத்தேன்."

ஒலீட்டா டப்பாவைக் கீழே வைத்தாள். ஹாய்ட்டைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள்: தொழிற்சாலை, ரிவெட், இடது காது, பாதி வலது காது.

பென்னி சொன்னான்: "இவ்வளவுதானா? எல்லாரையும் தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க. 'என் ஸ்பெல்லிங்குக்கு நான் பொறுப்பு, உன் ஸ்பெல்லிங்குக்கு நீ பொறுப்பு'ன்னு சொல்லிடுங்க. ஒருத்தனும் காரணம் கேக்க மாட்டான்."

அப்படியே செய்தாள். ஒருத்தனும் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக ஒளித்து வைத்த விஷயத்துக்கு ஒரு பென்சிலும் ஒரு நோட்டும் போதுமானதாக இருந்தது. அந்த நோட்டுகள் பதினாறு சேர்ந்தன. கிறுக்கல் கையெழுத்தில், எண்ணெய்க் கறையோடு, கெர்ன் மாவட்டத்துப் பையன்களின் அத்தனை கோணங்கித்தனமும் அவற்றில் இருந்தது. கிளீட் ஹார்கிஸ்கூட வந்து எழுதிக் கொடுத்தான். 'கொடிக்கு முன்னே' என்று பெயர். "வேற வழியில்ல, எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க" என்றான்.

பந்தயத்துக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்னியின் அம்மா கிராஷியானா, ஒலீட்டாவையும் ஹாய்ட்டையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நீள மேஜையில் முட்டைக்கோஸ் சூப், பீன்ஸ், ஊறவைத்த மாட்டு நாக்கு, பூண்டில் வதக்கிய ஆட்டுக்கறி, ஒயின். இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிராஷியானா பாஸ்க்கும் இங்கிலீஷும் கலந்து ஏதோ சொன்னாள், ஒலீட்டா தலையாட்டினாள். ஒலீட்டா பதில் சொன்னாள், கிராஷியானா தலையாட்டினாள். இப்படியே அரை மணி நேரம் போனது. எதிரே இருந்த பென்னியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மிஸஸ் பர்விஸ், எங்கம்மா இப்ப என்ன சொன்னாங்க, சொல்லுங்க பாப்போம்?"

"சூப் நல்லாருக்கான்னு கேட்டாங்க."

"அவங்க பாட்டி செத்த கதையைச் சொல்லிட்டிருக்காங்க."

ஒலீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் என்னவென்று மகன் பாஸ்க்கில் சொன்னதும், கிராஷியானா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ஒலீட்டாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, பாட்டி செத்த கதையை முதலிலிருந்து மெதுவாக, உதடு நன்றாகத் தெரியும்படி, இரண்டாவது தடவை சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பதினாலு வருஷம் தொடர்ந்தது. ஒலீட்டா ஒவ்வொரு வாரமும் ஆப்பிள் பை சுட்டுக்கொண்டு போனாள். எலிசால்டே வீட்டு ஆண்கள் ஹாய்ட்டுக்கு முஸ் என்கிற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணைச் சிமிட்டியும் உதட்டைக் கடித்தும் கூட்டாளிக்கு ஜாடை காட்டி ஆட வேண்டிய ஆட்டம் அது. ஹாய்ட்டுக்குக் கடைசிவரை ஜாடை காட்ட வரவில்லை. ஒலீட்டாவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள மட்டும் அந்த மேஜையில் எப்போதும் அடிபிடிதான்.