முதுகுப் புழுதி

கல்யாணமாகாத பெண்கள் ஒலிம்பியாவுக்குள் போய்ப் போட்டியைப் பார்க்கலாம். கல்யாணமானவள் அல்பியஸ் ஆற்றைத் தாண்டினாலே மலையுச்சியிலிருந்து உருட்டிவிடுவார்கள். சாமியின் சட்டமாம். பெற்றவள் பார்த்தால் சாமிக்கு என்ன குறைந்துபோகும் என்று ஒரு பூசாரியும் சொன்னதில்லை.

அதனால் மெலித்தா இக்கரையில் உட்கார்ந்திருந்தாள். பல வருஷமாகத் தினமும் காலையில் அவள் எண்ணெய் தேய்த்துப் பயிற்சிக்கு அனுப்பிய மகன் அரிஸ்தியோன் அக்கரை மணலில் மல்லுக்கு நின்றான். ஆரவாரம் எழும்போதெல்லாம் அவளும் எழுந்தாள். விழுந்தது அவனா, எதிராளியா?

சாயங்காலம் மகள் கிளியோ முதலில் ஓடிவந்தாள்.

"அண்ணன் ஜெயிச்சுட்டான்மா!"

"எந்தப் பிடியிலடி ஜெயிச்சான்?"

"எங்கேம்மா பார்த்தேன்? முன்னால ஒரு தடியன் நின்னு மறைச்சுட்டான்."

"உன்னைப் போய் அனுப்பினேன் பாரு!"

எண்ணெய் பூசிய உடம்பு மண்ணில் விழுந்தால் புழுதி அப்பிக்கொள்ளும். மகன் எங்கே அடிபட்டு விழுந்தான், எப்படிப் புரண்டு எழுந்தான் என்று அதைப் பார்த்தே மெலித்தா சொல்லிவிடுவாள். ஜெயித்தவனுக்குச் சூட்டும் ஒலிவ இலை முடியோடு ஆற்றைக் கடந்து வந்தவனை அவள் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. தோளைப் பிடித்துத் திருப்பினாள். முதுகு பளிச்சென்றிருந்தது.

"ஏண்டா குளிச்சே?"

"அழுக்கோட வந்தா திட்டுவியேம்மா."

"மடையா! இந்த ஆட்டத்துல எனக்குன்னு இருந்தது அந்தப் புழுதி ஒண்ணுதாண்டா."

அவன் முடியைக் கழற்றி அம்மாவின் தலையில் வைத்தான். அவளோ அவன் காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தாள். அங்கேயும் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தான்.