ஒன்றரை மணிக்கூர் தூரம்

பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய இதே கையால் அருமனையில் சொந்தத் தோட்டம் போட்டேன்; ரப்பர் ஷீட் உலர்த்தப் புகைப்புரை கட்டினேன்; மாடி வீடு எழுப்பினேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன், என் ஒரே மகளைக் கல்லூரியில் பாடம் நடத்தும் அளவுக்குப் படிக்க வைத்தேன்.

நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள், பள்ளிப் பிள்ளைகளுக்காக வானியல் சொற்களை விளக்கி ஒரு சிறு புத்தகம் எழுதினாள். சனிக்கிழமைதோறும் வந்து, நான் ஷீட் அடிக்கும் ரோலர் பக்கத்தில் நின்று வாசிப்பாள். எனக்குப் புரிந்தால் சொல் தேறியது. நான் நெற்றியைச் சுருக்கினால் அடித்துவிட்டு வேறு எழுதுவாள்.

“கோளுக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாதுப்பா. சூரியன் வெளிச்சம் பட்டுத்தான் மினுங்கும்.”

“உன் மாமனாரைப் போலண்ணு எழுது.”

“சும்மா இரிங்கப்பா!” சிரிப்பு அடங்க நேரமாகும்.

ஒளியாண்டில்தான் சண்டை வந்தது.

“ஒரு வருசத்தில வெளிச்சம் ஓடுத தூரம்ப்பா.”

“ஆண்டுண்ணு பேரு வச்சிட்டு தூரம்ங்க. எந்தப் பிள்ளைக்கு விளங்கும்?”

ரோலரைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன்.

“ஏட்டி, நாகர்கோவில் எவ்வளவு தூரம்ணு கேட்டா, பஸ்ஸில ஒண்ணரை மணிக்கூர்ணுதானே சொல்லுவோம்? அது போலயா?”

அவள் பேனாவைத் திறந்தாள். “இன்னொருக்கச் சொல்லுங்கப்பா.”

சொன்னேன். அப்படியே எழுதினாள்.

எழுதி முடித்த மாதமே வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஃபோன் வந்தபோது உயிர் இருந்தது. காரில்தான் போனேன், வழியெல்லாம் நெரிசல், அதே ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது என் மகள் இல்லை. கிணற்றுப் பாறையை உடைத்த கைக்கு அந்தத் தூரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட உடைக்க முடியவில்லை.

மருமகன் புத்தகத்தை அச்சிட்டார். ஒளியாண்டுக்கு நேரே என் பேச்சு ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் கல்லூரி இருக்கிறது, அவள் மாமனார் இருக்கிறார், தட்டச்சு செய்த பெண்ணும் இருக்கிறாள். நான் இல்லை. கேட்டேன்.

“மாமா, இது படிப்புக்குள்ள புத்தகம். படிச்சவங்க பேரைத்தான் போட முடியும்.”

அந்தப் படிப்பைக் கொடுத்தவன் யார்?

அடுத்த பதிப்பில் ஒரு வரி போட்டே ஆக வேண்டும்: ‘இதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் முதலில் கேட்டுத் தேற வைத்தவர் அப்பா.’ என் பேர்கூட வேண்டாம். அவள் கூப்பிட்டது போல, அப்பா என்று இருக்கட்டும்.