மணி அடிக்காத மத்தியானம்

பேய், ஆவி, கனவில் வந்து சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு ஆகாது. எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூட நான் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவேன், அவ்வளவுதான் என் நம்பிக்கை. அதனால் இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. நீங்களும் கேட்டுவிட்டு, புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தில் பாவம் என்னவோ தோன்றியிருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் அவர் போன செய்தி அப்போது எனக்குத் தெரியாது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் கல்யாணமாகி கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கம் வாத்தியார் வேலை பார்த்தார். வாரமெல்லாம் மலையில்தான், சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வருவார், திங்கள் விடியலில் ஏறிவிடுவார். நான் தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மாமியார் நல்லவர்தான், ஆனால் பொழுதெல்லாம் கழனியில் பாடுபட்டவர், ஒரு பெண்பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் இருந்து ஒரு டைமர் வாங்கி வந்து என் படிப்பு மேசை மேல் வைத்தார். வெள்ளையாக உருண்டையாக இருக்கும், தலையைத் திருகிவிட்டால் மெல்ல ஓடி, முடிந்ததும் டிங் என்று ஒரே ஒரு தரம் அடிக்கும். அலாரம் மாதிரி அலறாது. அதிகம் திருகினால் படிப்பு, கொஞ்சமாகத் திருகினால் ஓய்வு.

"ஓய்வுன்னா ஓய்வுதான் மல்லி. அப்போ புக்கும் கெடையாது, பாத்திரமும் கெடையாது. மணி அடிக்கிற வரைக்கும் யாரு கூப்டாலும் எழுந்துக்காத" என்றார். தன் அம்மாவிடமும் அதையே சொல்லிவைத்தார்.

நம்பினால் நம்புங்கள், மாமியார் அந்த மணிக்குக் கட்டுப்பட்டார். பின்வாசலில் துவைக்கிற கல் மேல் நான் உட்கார்ந்திருந்தால், பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன் என்கிறீர்கள், மலையிருக்கும் திசையைப் பார்த்தபடி அவரை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வலுத்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள், பஸ் நின்றுபோனது. என் கொழுந்தனாரும் கோடாரியை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டுக்குப் போனவர்தான். பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்கும் என்று அவர் மனதார நம்பினார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். சனிக்கிழமை வந்தது, என் வீட்டுக்காரர் வரவில்லை. அந்த மலைக்குப் போனும் கிடையாது, போய்ப் பார்த்து வரவும் ஆளில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடினேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், மாமியார் கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார், வீட்டில் நான் மட்டும்தான். மத்தியானம் படிப்பு மணி அடித்தது. ஓய்வுக்குக் கொஞ்சமாகத் திருகி வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்து கல்லில் உட்கார்ந்தேன். படலைத் திறந்துகொண்டு அவர் வந்தார்.

நல்ல வெயில். எனக்குத் தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. சட்டை கசங்கியிருந்தது, முகம் இளைத்திருந்தது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிங்க வந்தீங்க? பஸ்ஸே இல்லியே."

"நடந்துதான்."

"இருங்க, தண்ணி மொண்டாறேன்."

"வேணாம், எழுந்துக்காதீங்க. மணி அடிக்கட்டும்."

என்னை அவர் வாங்க போங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னாங்க இது புதுசா?" என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போய், டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன அன்றைக்குத்தான், அவர் சொன்னது மரியாதை இல்லை, என்னையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்று உறைத்தது.

பெரிதாக எதுவும் பேசவில்லை. "மலையில சாமை கதிரு வாங்கிடுச்சி. உன்ன ஒருவாட்டி கூட்டினு போய்க் காட்டணும்னு நெனச்சேன்" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வெயிலில் நடந்து வந்த சூடு என்றுதான் நினைத்தேன். மணி அடிக்கவே இல்லை. கல்லின் மேல் இருந்த நிழல் நகர்ந்து சுவர் வரைக்கும் போய்விட்டது, அப்போதும் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நானும் அசையாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஓய்வு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பொழுது சாய, வீட்டுக்குள் மாமியார் குரல் கேட்டது. "ஏ மல்லிகா, இது இன்னும் ஓடிக்கினு கீதே." கூடவே டிங் என்று மணி. நான் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால், பக்கத்தில் யாரும் இல்லை. படல் சாத்தியபடியே இருந்தது.

ரோட்டில் மரங்களை அகற்றிய பிறகுதான் செய்தி வந்தது. மலையில் அவருக்கு விஷக் காய்ச்சல். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே உயிர் போய்விட்டது. எந்த நாள் என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றார்.

அவர் தங்கியிருந்த வீட்டைப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை. பிறகு ஒருநாள் மாமியாரோடு மலை ஏறினேன். அவரைப் பார்த்துக்கொண்ட மலைக்காரப் பெண், சின்னம்மா என்று பெயர், என்னைத் தன் பக்கத்தில் உட்கார்த்திவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காலையிலருந்து தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தாரு சாரு. மத்தியானம் ஆனதும் நான் குடுத்தா வேணாம்னுட்டாரு. அப்புறம் ஒரே சிரிப்பா இருந்தாரு, யார்கிட்டயோ மெல்லப் பேசிக்கினு. பொழுது சாய ஒரு மணி சத்தம் கேட்டுச்சும்மா. அதோட அடங்கிட்டாரு." பிறகு என்னையே கேட்டார், "எங்க வூட்ல ஏதும்மா மணி?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் பார்த்திருந்தால், மாமியார் இன்னும் கொஞ்சம் கரும்பில் காய்ந்த சோகை உரித்துவிட்டு வந்திருந்தால் என்று எத்தனையோ வருஷம் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிறாள். அவள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒன்று வைத்திருக்கிறாள், வேலை நேரம் முடிந்தால் மெல்ல ஒலித்து ஓய்வெடுக்கச் சொல்லும். இந்தக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. போன மாதம் அங்கே போய்த் தங்கியிருந்தபோது கவனித்தேன். ஓய்வு நேரத்தில் எழுந்து வந்து சோபாவில் உட்காருகிறாள், நீளமான சோபா, ஆனால் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு ஓரத்தில் ஒடுங்கித்தான் உட்காருகிறாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மற்ற நேரத்தில் அதே சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறவள்.

"ஏன்டி, நல்லா சாஞ்சி உக்காந்தா இன்னா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. பிரேக்ல மட்டும் அந்தப் பக்கம் உக்கார என்னமோ மாதிரி இருக்கும்" என்றாள்.